சிவப்பு வைனுக்குக் கிறிஸ்டல் கிளாஸ்: யாழ்ப்பாணத்து வீட்டுக்கு எது பொருந்தும்?

கேள்வி இதுதான்: மார்கழியில் வீட்டில் ஒரு சிறு விருந்து. பிரான்சில் இருக்கும் அண்ணன் நல்ல சிவப்பு வைன் கொண்டுவருகிறார். அதற்கேற்ற தரமான கிறிஸ்டல் கிளாஸ் வாங்க வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது? மாமியின் அலுமாரியில் பூ வெட்டிய, கனமான பழைய கிறிஸ்டல் செட் ஒன்றும் அதோடு சேர்ந்த மூடி போட்ட குடுவையும் இருக்கின்றன. அவற்றையே பாவித்தால் என்ன?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரக்காரர்கள் இந்தப் பந்தியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஈயம் கலக்காத கிறிஸ்டல். பூ வேலையோ வெட்டோ நிறமோ இல்லாத வெறும் கண்ணாடி. மெல்லிய விளிம்பு, கையில் பிடிக்க நீளமான தண்டு, 450 முதல் 550 மில்லிலீற்றர் வரை கொள்ளும் கிண்ணம், உள்நோக்கிச் சற்று ஒடுங்கிய வாய். இப்படி ஒரே வடிவத்தில் எட்டு வாங்குங்கள். மாமியின் கிளாஸ்கள் அலுமாரியிலேயே அழகாக இருக்கட்டும். அந்தக் குடுவையில் மட்டும் எக்காரணம் கொண்டும் வைனை ஊற்றி வைக்காதீர்கள்.

இனி ஏன் என்று பார்ப்போம். நான் பாரிஸில் உணவகங்களில் பரிமாறும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். அங்கே கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றிய பல விதிகள் யாழ்ப்பாணத்து வெயிலிலும் கிணற்றுத் தண்ணீரிலும் எடுபடவில்லை. இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

மாமியின் செட்டில் இருந்தே தொடங்கலாம். 1674-இல் இங்கிலாந்தில் ஜோர்ஜ் ரேவன்ஸ்க்ரொப்ட் என்ற வணிகர் புதுவகைக் கண்ணாடி ஒன்றுக்கு அரச உரிமம் பெற்றார். அவருடைய முதல் கிளாஸ்கள் நாளடைவில் உள்ளுக்குள் நுணுக்கமாக வெடித்து மங்கின. கலவையில் ஈய ஒட்சைட்டைச் சேர்த்த பிறகே அந்தக் குறை தீர்ந்தது. ஈயம் சேர்ந்த கண்ணாடி குறைந்த வெப்பத்திலேயே இளகும், ஆறிய பின்னும் சக்கரத்தில் வைத்து வெட்டும் அளவுக்கு மென்மையாக இருக்கும், ஒளியைக் கூடுதலாக முறிக்கும். மாமியின் கிளாஸ் மின்னுவதும், சுண்டினால் நீண்டு ஒலிப்பதும், தூக்கினால் கனப்பதும் அந்த ஈயத்தின் வேலை.

ஐரோப்பாவில் இதற்கு 1969-இல் அளவு வகுத்தார்கள். ஈய ஒட்சைட்டு 30 வீதமோ அதற்கு மேலோ இருந்தால் முதல் வகை. 24 வீதம் இருந்தால் இரண்டாம் வகை. இவ்விரண்டுக்கும் பொன்னிற வட்டச் சிட்டை. அதற்குக் கீழே, நாகம் (துத்தநாகம்), பேரியம், பொற்றாசியம், ஈயம் ஆகியவற்றின் ஒட்சைட்டுகள் தனித்தோ சேர்ந்தோ 10 வீதம் இருக்கும் வகைகளுக்கு வெள்ளி நிறத்தில் சதுரம் அல்லது முக்கோணம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வெள்ளிச் சிட்டை என்றால் ஈயமே இல்லை என்று பொருளில்லை, ஏனென்றால் அந்த 10 வீதத்துக்குள் ஈயமும் இருக்க இடமுண்டு. ஆகவே சிட்டையின் நிறத்தை நம்பாமல் பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஆங்கிலப் பெட்டியில் ‘லெட் ஃப்ரீ’ என்றும் பிரெஞ்சுப் பெட்டியில் ‘சான் புளோம்’ என்றும் இருக்க வேண்டும். அண்ணன் பாரிஸ் கடையில் நின்று அந்தச் சொற்களைத் தேடட்டும்.

ஈயத்துக்கு இவ்வளவு பயப்பட வேண்டுமா? கிளாஸில் ஊற்றி அரை மணி நேரத்தில் குடித்து முடிப்பதில் ஆபத்து மிகக் குறைவு. குடுவையின் கதை வேறு. வைன் புளிப்பானது, புளிப்பு, கண்ணாடியில் இருந்து ஈயத்தை மெதுவாக உரித்தெடுக்கும். கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1991-இல் ‘லான்செற்’ மருத்துவ இதழில் வெளியிட்ட அளவீடு ஒன்று இருக்கிறது. லீற்றருக்கு 89 மைக்குரோகிராம் ஈயம் இருந்த போர்ட் வைனை (போர்த்துக்கலின் இனிப்பு வைன்) ஈயக் கிறிஸ்டல் குடுவைகளில் ஊற்றி நான்கு மாதம் வைத்தார்கள். முடிவில் அது குடுவைக்குக் குடுவை 2,000-இல் இருந்து 5,000 மைக்குரோகிராமுக்கும் மேல் வரை ஏறியிருந்தது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 10 மைக்குரோகிராம் மட்டுமே. நம் வீடுகளில் இப்படிப்பட்ட குடுவையில் பிரண்டியை ஊற்றி மூடி, வரவேற்பறையில் மாதக்கணக்கில் காட்சிக்கு வைக்கும் பழக்கம் உண்டு. அதை நிறுத்துங்கள். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் அந்தச் செட்டில் தோடம்பழச் சாறு கூடக் குடிக்க வேண்டாம். சாறும் புளிப்புத்தான்.

ஈயம் இல்லாத கிறிஸ்டல் தரத்தில் தாழ்ந்ததோ என்ற ஐயம் மாமிக்கு வரும். வராது என்று சொல்ல முடியாது, அவர்கள் காலத்தில் கனம்தான் கௌரவம். உண்மையில் இன்றைய நல்ல கிளாஸ்களில் ஈயத்தின் இடத்தை நாகம், பேரியம், தைத்தானியம், சேர்க்கோனியம் போன்றவற்றின் ஒட்சைட்டுகள் பிடித்துவிட்டன. அவை ஈயக் கண்ணாடியை விடக் கடினமானவை. அதனால் மெல்லியதாக இழுத்தாலும் தாங்குகின்றன. பூ வெட்டுவதற்கு ஈயம் உதவும், மெலிவுக்கு ஈயம் தேவையில்லை. வைனுக்கு வேண்டியது மெலிவு.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்: வெப்பம்.

சிவப்பு வைனை ‘அறை வெப்பநிலையில்’ பரிமாறச் சொல்வார்கள். அது பழைய ஐரோப்பிய வீட்டின் அறை. 16 முதல் 18 பாகை செல்சியஸ். நல்லூரில் பின்னேரம் ஐந்து மணிக்கு உங்கள் அறை 30 பாகையை ஒட்டி இருக்கும். ஜப்பானில் மிற்சுபயாஷி என்ற பேராசிரியரின் குழு 2015-இல் ஒரு வேலை செய்தது. வைனில் இருந்து எழும் அற்ககோல் ஆவியைப் படம் பிடிக்கும் கமரா ஒன்றை உருவாக்கி, வெவ்வேறு கிளாஸ்களின் வாயை மேலிருந்து படம் எடுத்தார்கள். 13 பாகையில், வைன் கிளாஸின் விளிம்பை ஒட்டி ஆவி ஒரு வளையமாக நின்றது. நடுவில் அற்ககோல் குறைவு. அதாவது மூக்கை நடுவில் வைத்தால் மதுவின் காரம் குத்தாமல் பழத்தின் மணம் வரும். நேரான கிளாஸிலும் மார்ட்டினி கிளாஸிலும் அந்த வளையம் உண்டாகவில்லை. வெப்பத்தைக் கூட்டியபோது வைன் கிளாஸிலும் வளையம் காணாமற் போனது.

இதன் பொருள் என்ன? கிளாஸின் வடிவம் வேலை செய்வது உண்மை. ஆனால் வைன் சூடாக இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கிளாஸும் அதைக் காப்பாற்றாது. 30 பாகையில் ஊற்றிய வைனை மோந்தால் சாராய நெடிதான் முதலில் வரும். எனவே போத்தலைப் பிரிட்ஜில் ஒரு மணி நேரமோ சற்றுக் கூடவோ வையுங்கள். அவசரம் என்றால் வாளியில் ஐஸும் தண்ணீரும் கலந்து கழுத்துவரை அமிழ்த்தினால் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். ஐஸ் மட்டும் போட்டால் அவ்வளவு விரைவாகக் குளிராது.

நான் பெரிய பலூன் வடிவக் கிளாஸைப் பரிந்துரைக்காததற்கும் இதுவே காரணம். பிரான்சின் பேர்கண்டிப் பகுதி வைனுக்கென்று ஒஸ்திரியாவின் ரீடல் நிறுவனம் 1958-இல் கொண்டுவந்த கிளாஸ் ஒன்று ஒரு லீற்றருக்கும் மேல் கொள்ளும். ஒரு முழுப் போத்தலையும் கவிழ்த்தாலும் நிரம்பாது. நியூயோர்க் நவீன கலை அரும்பொருளகத்தில் வைத்திருக்கிறார்கள், பார்க்க அழகுதான். ஆனால் அந்த அகலமான வயிற்றில் வைன் பரந்து கிடக்கும்போது நம் காற்றில் மளமளவென்று சூடேறும். தலைக்கு மேல் மின்விசிறி வேறு சுற்றும். அகன்ற வாயில் இருந்து மணத்தை அது வாரிக்கொண்டு போய்விடும். நடுத்தர அளவு, சற்று ஒடுங்கிய வாய் என்று நான் சொல்வது இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான். 100 மில்லிலீற்றர் அளவில் ஊற்றுங்கள், முடிந்ததும் மறுபடி ஊற்றுங்கள். 750 மில்லிலீற்றர் போத்தலில் ஏழு தடவை வரும். கிண்ணத்தின் மிக அகலமான இடத்துக்கு மேல் வைன் ஏறவே கூடாது. ஊரில் கிளாஸை நிரப்பாவிட்டால் கஞ்சத்தனம் என்று நினைப்பார்கள், அந்தப் பேச்சைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தண்டு இல்லாத கிளாஸ்கள் இப்போது எங்கும் விற்கின்றன. விழாது, உடையாது, கழுவச் சுலபம். ஆனால் உள்ளங்கைச் சூடு நேரே வைனில் இறங்கும். பாரிஸில் குளிர்காலத்தில் அது நன்மை, இங்கே அல்ல. குளிர்ந்த வைனை ஊற்றியதும் நம் ஈரக் காற்றில் கிளாஸின் வெளிப்புறம் வியர்க்கும் என்பதையும் எதிர்பாருங்கள்.

வடிவத்தைப் பற்றிச் சுருக்கமாக. பிரான்சின் போர்டோப் பகுதி வைனுக்கான கிளாஸ் உயரமானது, பேர்கண்டி கிளாஸ் வயிறு பருத்தது. இந்தத் திராட்சைக்கு இந்தக் கிளாஸ் என்று வகைவகையாக விற்கிறார்கள். நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடியில் கசப்பு, கிளாஸ் வைனை அந்தந்த இடத்தில் கொண்டுபோய் விடும் என்று விற்பனையாளர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அந்த நாக்கு வரைபடம் 1901-இல் வந்த ஜெர்மன் ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் பின்னால் வந்தவர்கள் பிழையாக விளங்கிக்கொண்டதால் பரவியது. நாக்கின் எல்லாப் பகுதியும் எல்லாச் சுவையையும் அறியும். கிளாஸ் மாற்றுவது மணத்தையும், உதட்டில் படும் உணர்வையும்தான். அது சிறிய விடயமில்லை. பனங்கள்ளைப் பனையோலைப் பிளாவில் குடித்துப் பழகியவரிடம் அதையே பிளாஸ்ரிக் கோப்பையில் நீட்டிப் பாருங்கள், முகம் கோணும். பாத்திரம் சுவையை மாற்றும் என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடையில் கிளாஸைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது விளிம்பு. கண்ணை மூடிக்கொண்டு சுட்டுவிரலின் பக்கவாட்டால் விளிம்பை ஒருமுறை சுற்றித் தடவுங்கள். மலிவான கிளாஸில் விளிம்பு உருண்டு சிறு மேடாகத் தட்டுப்படும். வைன் அந்த மேட்டில் ஏறித்தான் வாய்க்குள் விழும். நல்லதில் சுவர் அதே மெலிவோடு மேலே வந்து வெட்டி முடிந்திருக்கும், வெட்டு நெருப்பில் பளபளப்பாக்கப்பட்டு வழுவழுப்பாக இருக்கும். கூர்மை குத்தினால் அதுவும் குறைதான். அடுத்து, நகத்தால் தண்டை மேலிருந்து கீழே உரசுங்கள். நெடுகக் கோடு தட்டுப்பட்டால் அச்சில் வார்த்தது. கோடு இருந்தால் குடிக்க முடியாது என்றில்லை, ஆனால் கிறிஸ்டல் விலை கொடுக்காதீர்கள். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கிண்ணமும் தண்டும் சேரும் இடத்தைப் பாருங்கள். தண்டு கிண்ணத்தில் இருந்தே இழுத்ததுபோல் நழுவி இறங்கினால் வலுவானது. தனியாக ஒட்டிய மூட்டுத் தெரிந்தால் என்றோ ஒருநாள் அங்கேதான் விட்டுப்போகும். கடைசியாகச் சமமான மேசையில் வைத்து விளிம்பைத் தொட்டு ஆட்டுங்கள். பாதம் தள்ளாடினால் வேண்டாம்.

பாதத்தைப் பற்றி எந்த வெளிநாட்டு வழிகாட்டியும் சொல்லாத ஒன்று. நாம் வலக்கையால் பிசைந்து சாப்பிடுகிறோம். விரல் முழுக்கக் குழம்பும் எண்ணெயும். எனவே கிளாஸைத் தூக்குவது இடக்கை. பழக்கமில்லாத கையால், பேச்சுச் சுவாரசியத்தில், உயரமான மெல்லிய கிளாஸைத் தூக்கி வைக்கும்போதுதான் விபத்து நடக்கிறது. பாதம் கிண்ணத்தின் அகலத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்கட்டும்; மொத்த உயரம் 23 சென்ரிமீற்றரைத் தாண்ட வேண்டாம்; மேசையில் வைக்கும்போதே இடப்பக்கம் வையுங்கள். (சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: நண்டுக் கறியோடு சிவப்பு வைன் சண்டை பிடிக்கும். மிளகாயின் எரிவை அற்ககோல் இன்னும் மூட்டிவிடும். ஆட்டிறைச்சிப் பிரட்டலை உறைப்புக் குறைத்துச் செய்தால் சமாதானமாகப் போகும்.)

பெயர்கள் வேண்டுமென்றால்: வாயால் ஊதிச் செய்த மிக மெல்லிய கிளாஸ் என்றால் ஒஸ்திரியாவின் சால்ட்டோ. கையில் எடுத்தால் கனமே தெரியாது, விலை கேட்டால் தெரியும். நம் கழுவும் தொட்டிகளுக்கு அது வேண்டாம். அன்றாடம் பாவிக்க ஜெர்மனியின் ஷொட் ஸ்வீசல் ட்ரைற்ரன் வகை, ஸ்பீகலாவ், செக் நாட்டுக் கிறிஸ்டலைற், தாய்லாந்தின் லூக்காரிஸ் எல்லாம் ஈயமில்லாதவை, எந்திரத்தில் நேர்த்தியாகச் செய்தவை. இவற்றில் எது கைக்கு அடங்கிய விலையில் கிடைக்கிறதோ அதை எடுங்கள். எட்டு என்று நான் சொன்னது ஆறு பேருக்கு, இரண்டு உடையும். செபமாலைக் கன்னியர் மடத்தில் விற்கும் கறுவா, கராம்பு வாசம் வீசும் இனிப்பு வைனுக்கு இதெல்லாம் தேவையில்லை, சின்னக் கிளாஸே போதும்.

வாங்கிய பிறகுதான் யாழ்ப்பாணத்தின் உண்மையான சோதனை தொடங்குகிறது. அது நம் தண்ணீர். குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. கிணற்று நீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டுதான் வருகிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதும் கழுவிக் கவிழ்த்த கிளாஸில் புள்ளி புள்ளியாகக் காய்வதும் ஒரே கல்சியம் காபனேற்று. நாலு தடவை இப்படிக் காயவிட்டால் எந்தக் கிறிஸ்டலும் பழைய பிளாஸ்ரிக் போல மங்கும். பலர் கிளாஸைத்தான் குறை சொல்கிறார்கள்.

வழி சுலபம். வெதுவெதுப்பான தண்ணீரில், மணம் குறைந்த சவர்க்கார நீர் ஒரு துளியோடு, கையால் கழுவுங்கள். கடைசி அலசலை மழைநீரிலோ வடிகட்டி வாங்கும் குடிநீரிலோ செய்யுங்கள். எட்டுக் கிளாஸுக்கு இரண்டு லீற்றர் தாராளம். காயவிடாமல் உடனே துடைக்க வேண்டும். துடைப்பதற்குப் பலமுறை தோய்த்துப் பழசான பருத்தி வேட்டித் துண்டுக்கு நிகராக எந்தக் கடைத் துணியையும் நான் கண்டதில்லை. நூல் உதிராது, ஈரத்தை உறிஞ்சும். புதுத் துவாய் உதவாது. துடைக்கும்போது கிண்ணத்தைப் பிடித்துக் கிண்ணத்தைத் துடையுங்கள், பாதத்தைப் பிடித்துப் பாதத்தைத் துடையுங்கள். ஒரு கையால் பாதத்தைப் பிடித்து மறு கையால் கிண்ணத்தைத் திருகினால் தண்டு முறிந்து உள்ளங்கையில் ஏறும். விருந்தில் உடைவதை விட, விருந்து முடிந்து களைப்போடு கழுவும்போது உடைவதுதான் அதிகம். இரவில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுக் காலையில் கழுவினால் ஒன்றும் குறையாது.

ஏற்கெனவே படிந்துவிட்டால் வெள்ளை வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். படிவு என்றால் கரைந்துவிடும். கரைந்த பிறகும் பால்போன்ற மங்கல் மிஞ்சினால், கழுவும் இயந்திரத்தின் சூடும் காரமும் கண்ணாடியையே அரித்துவிட்டன என்று பொருள். அதற்கு மருந்தில்லை.

அலுமாரியில் கவிழ்த்து வைக்காதீர்கள். உள்ளே அடைபட்ட காற்று மரத்தின் வாசனையையும் பூச்சி உருண்டையின் வாசனையையும் பிடித்துக்கொள்ளும். விருந்தன்று ஊற்றும் முன் வெறும் கிளாஸை ஒருமுறை மோந்து பாருங்கள். ஏதாவது மணம் இருந்தால் ஒரு மேசைக்கரண்டி வைனை ஊற்றிச் சுழற்றி அடுத்த கிளாஸுக்கு மாற்றி, அப்படியே எட்டையும் சுற்றி வந்து கடைசியில் கொட்டிவிடுங்கள். உணவகங்களில் இதைத்தான் செய்வோம்.

அண்ணன் கிளாஸ்களையும் அங்கிருந்தே கொண்டுவருவதாக இருந்தால் கடைப் பெட்டியைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் ஒரு சோடி காலுறையைத் திணித்து, தண்டைச் சுற்றித் துணி சுற்றி, பெட்டியைப் பயணப்பெட்டியின் நடுவில், நான்கு பக்கமும் உடுப்புகளுக்கு இடையில் வைக்க வேண்டும். வைன் போத்தல்கள் வேறு பெட்டியில். இரண்டையும் ஒன்றாக அடுக்கினால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து வரும் வழியிலேயே போத்தல் கிளாஸைத் தீர்த்துக்கட்டிவிடும்.